மாநகராட்சிப் பள்ளியைச் சபை வாலிபர்கள் புதுப்பிக்க விரும்புகிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பெரம்பூர்வாசி

எங்கள் குருசேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) வாலிபர் சங்கத்தினர் வரும் கோடை விடுமுறையில், ஆலயத்துக்கு அருகிலுள்ள மாநகராட்சித் தொடக்கப் பள்ளியைப் புதுப்பித்துத் தர விரும்புகிறார்கள். ஆராதனை முடிந்து கூடிப் பேசியபோது, சுவர்களுக்கு வண்ணம் பூசி ஓவியம் வரையலாம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் அந்தப் பள்ளியின் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஆயா தெருக்குழாயிலிருந்து வாளியில் சுமந்து வந்து ஊற்றுகிறார். அனுமதியை யாரிடம் பெற வேண்டும், எந்தெந்த வேலைகளை நாங்களே செய்யலாம், சபையின் பெயரைச் சுவரில் எழுதுவது முறையாகுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற பொறியாளர்

ஐயா, கட்டடம் மாநகராட்சியின் சொத்து. எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை ஒரு செங்கல்லைக்கூட அசைக்க வேண்டாம். முதலில் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் சந்தித்து, அவர்கள் கேட்கும் வேலைகளை எழுதி வாங்கிக்கொண்டு மண்டல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். வார்டு உதவிப் பொறியாளரை நேரில் வந்து பார்க்கும்படி கேளுங்கள். செலவு பெரிதாகுமானால் நமக்கு நாமே திட்டத்தின்கீழ் எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு ஏற்கும் திட்டம் அது. காணிக்கைப் பணத்தைக் கொண்டு அதைப்போல் மூன்று மடங்கு வேலை நடத்தலாம்.

நீங்கள் தொடக்கூடாத வேலைகளும் உண்டு. கடலோர உப்புக்காற்றில் கூரைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டை வெளியே தள்ளும். அப்படிக் கம்பி தெரியும் இடத்தில் கலவையை அப்பி வண்ணம் பூசினால் பழுது கண்ணுக்கு மறையும். பிள்ளைகளின் தலைக்கு மேல் ஆபத்து அப்படியே இருக்கும். அதைப் பொறியாளரிடம் காட்டிவிட்டு, அந்த அறையைப் பூட்டச் சொல்லுங்கள். மின்சார வேலை உரிமம் பெற்றவருக்கே உரியது. கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு இருந்தால் இயந்திர வண்டியை வரவழையுங்கள். பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை உள்ளே இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

பதில்: ஓர் ஆசிரியை

உதவ வருபவர்கள் பெரும்பாலும் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சிக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆகவே மேல்நிலைத் தொட்டி, மோட்டார், குழாய் இவற்றை முதலில் முடியுங்கள். குழாய் ஆறு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டவேண்டும். தாழ்ப்பாளும் அந்த உயரத்திலேயே, சிறு விரல்கள் தள்ளினால் நகரும்படி இருக்கவேண்டும். சாய்தளம் கட்டினால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள். அதைவிடச் செங்குத்தானால் சக்கர நாற்காலியில் வரும் குழந்தையால் தானாக ஏறமுடியாது.

பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படிக்கும் அரசுப் பள்ளியில் சபையின் பெயரோ வசனமோ சிலுவையோ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் விசுவாசம் உங்களை அங்கே அழைத்து வந்தது என்பதைப் பெற்றோர் தாமே அறிந்துகொள்வார்கள். அவர்களையும் வேலைக்கு அழையுங்கள்.

பதில்: வியாசர்பாடி தன்னார்வலர்

எங்கள் ஆலயப் பங்கின் இளையோர் ஓர் அங்கன்வாடியைச் சீரமைத்தபோது கண்டதைச் சொல்கிறேன். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய கதவு, ஜன்னல்களின் எனாமலில் ஈயம் மிகுதியாக இருக்கலாம். நனைத்துத்தான் சுரண்டவேண்டும், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும், சிறுவர்களை அருகில் விடக்கூடாது. ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் ஐப்பசி மழையில் எல்லாம் உரிந்து விழும். கசிவை அடைத்துச் சுவர் நன்றாகக் காய்ந்தபின் பிரைமர் அடியுங்கள்.

இன்னொன்று: வாஷர் தேய்ந்தால்கூட மாற்ற ஆளில்லாமல் நல்ல கழிப்பறையும் பூட்டிக் கிடக்கும். ஆண்டு முழுவதற்கும் பிளம்பர் செலவுக்கென்று ஒரு தொகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

பதில்: பெரம்பூர்வாசி

அனைவருக்கும் நன்றி. ஓவியத்துக்கென்று வைத்திருந்த பணத்தை மோட்டாருக்கும் தொட்டிக்கும் மாற்ற ஆயர் இசைந்துவிட்டார். சபையில் பிளம்பர் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், உதவிப் பொறியாளர் பார்வையிட வரும் நாளில் தம் வேலைக்குப் போகாமல் உடனிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.