கூரைக்குள்ள பாஸம், புடிச்சு காட்டுல விட்டுடலாமா?

மெல்பர்ன்ல இருக்கோம். ரெண்டு வாரமா ராத்திரி ஆனா சீலிங் மேல யாரோ பூட்ஸ் போட்டு நடக்குற மாதிரி தடதடன்னு சத்தம், நடுநடுவுல கரகரன்னு இருமல் வேற, எலின்னு நெனச்சு நேத்து டார்ச் அடிச்சா பூனை சைஸ்ல புசுபுசு கருப்பு வாலோட உக்காந்திருக்கு, பாஸமாம், இந்த ஊர்ல மரத்துல வாழற, வயித்துப்பை உள்ள பிராணி. கொல்ல மனசு வரல, கூண்டு வச்சு புடிச்சு கார்ல தூரமா கொண்டுபோய் விட்டுடலாமா?

பதில் 1:
பிரஷ்டெயில்ங்கற வகை பாஸம் அது. தூரமா விடறதும் கிட்டத்தட்ட கொல்றதுதாங்க, அங்க ஏற்கனவே இருக்கறது அடிச்சு விரட்டும், பகல்ல ஒண்ட பொந்து கெடைக்காது, நரி வேற. நம்ம விக்டோரியா மாநில சட்டப்படியும் புடிச்ச எடத்துலேர்ந்து 50 மீட்டருக்குள்ளயே விட்டாகணும். அப்புறம் நீங்க காலி பண்ண எடத்துக்கு ஒரு வாரத்துல இன்னொன்னு குடிவரும் பாருங்க.

பதில் 2:
எங்கட வீட்டிலயும் நிண்டது. முதல்ல மரத்தில உயரமா ஒரு மரப்பெட்டி கட்டினனான், பிறகு இருட்டினாப்போல அது வெளிய போகேக்க ஓட்டைய அடைச்சனான். ஆனா குட்டி உள்ள நிக்குதோ எண்டு வடிவா பாருங்கோ. நாலஞ்சு மாசம் தாயின்ர வயித்துப் பையுக்க இருக்கும், பிறகு முதுகில ஏறித் திரியும், தாய வெளிய விட்டு அடைச்சா குட்டி உள்ள கிடந்து செத்துப்போம்.

பதில் 3:
நியூசிலாந்து ஆக்லாந்துலேர்ந்து எழுதறேன், படிக்கவே சிரிப்பா இருக்கு. அங்க காப்பாத்தற அதே பிராணிய இங்க விஷம் வச்சு கொல்றாங்க. 1837லேர்ந்து ரோமத்துக்காக உங்க ஊர்லேர்ந்து கொண்டுவந்தது, இப்ப காட்டு மரத்தை மொட்டையடிக்குது, பறவை முட்டைய திங்குது, மாட்டுக்கு டிபி பரப்புது. 2050க்குள்ள ஒண்ணுகூட இருக்கக்கூடாதுன்னு அரசாங்கமே டார்கெட் வச்சிருக்கு. என் ஸ்வெட்டர்லயே பாதி பாஸம் ரோமம்தான், பேர்லதான் பாசம்.

கேட்டவர்:
அய்யோ 😄 சரி கூண்டு வேணாம், பெட்டி கட்டறேன். செத்த மாதிரி நடிக்குமே, அதுவா இது?

பதில் 1:
அது அமெரிக்கா ஒப்பாஸம், வயித்துப்பை இருக்கறதத் தவிர பெருசா ஒறவில்ல. அதப் பாத்த ஞாபகத்துல வெள்ளக்காரன் இதுக்கும் அதே பேர வச்சுட்டான். இதோட பங்காளின்னா நியூகினி தீவுல இருக்கற கஸ்கஸ்ங்கற பிராணிதான், அது வால்ல பாதிக்கு முடியே இருக்காது, கிளைய சுத்திப் புடிச்சுக்கும்.

பதில் 2:
பெட்டிக்குப் பக்கத்தில பழம் கிழம் வைக்காதேங்கோ, பேந்து அயலில உள்ளதெல்லாம் வரும்.