நாரி நோவுக்கு ஒத்தணம்: உங்கள் வீட்டில் எதைச் சூடாக்கினீர்கள்?

கண்டாவளையிலிருந்து:

மார்கழி பிறந்ததும் எங்கள் வீட்டில் கோழி கூவுமுன் அம்மாவின் முழங்கால் கூவிவிடும். மழையும் குளிரும் ஒரு பக்கம், வயலில் குனிந்து களை பிடுங்குவது மறுபக்கம். பின்னேரம் வந்து திண்ணையில் குந்தினால் எழும்ப இரண்டு பேர் வேண்டும். ஆனாலும் பனடோல் கேட்கமாட்டார். தாச்சியை எடுத்து வரச் சொல்வார்.

அம்மாவின் ஒத்தணம் இதுதான்: அரிசிக் குறுநல் இரண்டு சுண்டு. விறகை வெளியே இழுத்துவிட்டு, வெறும் தணலில் தாச்சியை வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பார். “வாசம் வந்தா இறக்கு, நிறம் வந்தாக் கோழிக்குப் போடு” என்பார். பிறகு பழைய பருத்திச் சாறத் துண்டில் கொட்டி, நுனியைக் குடுமி போலத் திருகி நூலால் இறுக்கிக் கட்டுவார். அந்தப் பொட்டளியை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப்போன கை, அதற்குச் சூடு தெரியாதாம். ஒற்றி எடுத்து, ஒற்றி எடுத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் முழங்காலில் அப்படியே வைத்துவிடுவார்.

நான் இதை எழுத வந்த காரணம் வேறு. அப்பாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். ஒருநாள் குதிக்கால் உளைகிறது என்றார். அம்மா வயலில். நானே வறுத்துக் கட்டி வைத்தேன். “சுடேல்லைப் பிள்ளை, இன்னும் கொஞ்சம் வறு” என்றார். நானும் வறுத்தேன். புறங்கையில் வைத்துப் பார்க்கவில்லை, அவர் சொன்னதை நம்பினேன். விடியப் பார்த்தால் குதிக்காலில் ரூபாய்க் குற்றி அளவு கொப்புளம். அது ஆற ஆறு கிழமை, ஒன்றைவிட்டு ஒருநாள் மருந்து கட்ட ஓடினோம். அப்பா பொய் சொல்லவில்லை. அந்தக் காலுக்குச் சூடே தெரியவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். நல்லது மட்டும் வேண்டாம், பிழைத்துப்போனதையும் எழுதுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

குறுநலைவிடத் தவிடுதான் திறம், தங்கச்சி. அறுவடை நேரம் நெல்மூட்டை ஏற்றி நாரி பிடித்துக்கொண்டால் நான் மில்லில் ஒரு பை தவிடு கேட்டு வாங்கி வருவேன். அதோடு ஒரு பிடி கல்லுப்பு. தவிடு மெத்தென்று இருப்பதால் முதுகின் வளைவுக்குள் போய்ப் படுக்கும். குறை என்னவென்றால், துணி ஐதாக இருந்தால் தூள் கொட்டி, படுத்த பாயெல்லாம் மாட்டுத் தொழுவம் மாதிரி ஆகிவிடும். மனிசியிடம் பேச்சு வாங்குவதற்கு அந்தத் தவிடே போதும்.

எங்கள் அப்பு முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியாரோடு திரிந்தவர். ஆமணக்கிலையில் நல்லெண்ணெய் பூசி, அனலில் வாட்டி, நோகிற இடத்தில் விரித்து, அதன்மேல் பொட்டளியை வைப்பார். இலை இடையில் இருப்பதால் சூடு பதமாக இறங்கும். நொச்சியிலை கிடைத்தால் அதையும் வதக்கிப் பொட்டளிக்குள் போடுவார், வாசத்துக்கே பாதி நோ போய்விடும். ஆனால் அவர் ஒத்தணம் பிடிக்க மறுத்ததையும் கண்டிருக்கிறேன். வரம்பில் சறுக்கிக் கணுக்கால் வீங்கி வந்தவனிடம், “வீங்கின இடத்துக்கு அனல் காட்டாதை, இன்னும் வீங்கும்” என்று அனுப்பிவிட்டார். அவன் கோபித்துக்கொண்டு வீட்டில் போய்ச் சுடுதண்ணி ஊற்றினான். அடுத்தநாள் செருப்புக்குள் கால் போகவில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து:

எங்களுக்கு அரிசியும் இல்லை தவிடும் இல்லை, உப்புத்தான். கரைவலை இழுத்து இவருக்குத் தோள்மூட்டு எப்போதும் நோ. ஆனையிறவு உப்பென்றால் கட்டி கட்டியாக இருக்கும், தாச்சியில் வெடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு வறுக்க வேண்டும். சூடு கூட, அதனால் இரண்டு மடிப்புத் துவாய் இல்லாமல் உடம்பில் வைக்கக் கூடாது. 2025இல் நாடு முழுக்க உப்புக்குத் தட்டுப்பாடு வந்ததே, அப்போது ஒரே உப்பை எத்தனை தரம் வறுத்தேன் என்று கணக்கில்லை. கறுத்துப் போயிற்று. பரவாயில்லை, தோளுக்கு ருசி தெரியாதுதானே.

புதுக்குடியிருப்பிலிருந்து:

எனக்கு இடது தொடையில் செல் பீஸ், அதாவது எறிகணைச் சிதறல் இருக்கிறது. 2009இல் பட்டது. எடுக்கப் போனால் நரம்புக்குக் கேடு, இருக்கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அது உள்ளே இருந்து இழுக்கும். காயம் ஆறிய இடத்தில் ஒரு சாண் அளவுக்குத் தோல் மரத்துப்போய்க் கிடக்கிறது, ஆனால் நோ அதற்கு அடியில். இந்த விசித்திரத்தைப் பட்டவனுக்குத்தான் விளங்கும்.

மனைவி பேனையால் அந்த மரத்த இடத்தைச் சுற்றிக் கோடு கீறிவிடுவாள். கோட்டுக்கு வெளியே மட்டும் பொட்டளி. அதுவும் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான். சின்ன மகள் இதை இலங்கைப் படம் கீறும் விளையாட்டு என்று நினைத்திருந்தாள், ஒருநாள் உள்ளே யாழ்ப்பாணம், வவுனியா என்று ஊர்ப்பெயரும் எழுதிவிட்டாள். ஒத்தணத்தால் பீஸ் கரையப் போவதில்லை. சுற்றியுள்ள இறுக்கம் விடும், அன்றிரவு நித்திரை வரும். எனக்கு அது காணும்.

வவுனியாவிலிருந்து, தாதியாக வேலை செய்பவர்:

கண்டாவளைத் தங்கச்சி, உங்கள் அப்பாவுக்கு நடந்ததை நாங்கள் வருடா வருடம் பார்க்கிறோம். சீனி வருத்தம் நாள்பட்டால் பாத நரம்பு உணர்ச்சியை இழக்கும். அப்படியான காலுக்கு ஒத்தணமே வேண்டாம். மற்றவர்களுக்கும் ஒரு தரத்துக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். பொட்டளியின் மேல் படுத்து நித்திரை கொள்ளாதீர்கள். நோவுக்குப் பூசும் பாம் (தைலம்) பட்ட தோலில் சூடு வைக்கவும் வேண்டாம், எரிந்து புண்ணாகும். ஒட்டுசுட்டான் அண்ணையின் அப்பு சொன்னது சரி: அடிபட்டு வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் குளிர்தான், துணியில் சுற்றிய ஐஸ். சூடு இரத்தக் குழாயை விரிக்கும். இறுகிப்போன தசைக்கு அது நல்லது, புது வீக்கத்துக்குக் கேடு.

இன்னொன்று, எங்கள் சொந்த வீட்டுக் கதை. மாமா ஒரு இரவு இடது தோள் இழுக்கிறது, நெஞ்சு இறுகுகிறது என்றார். மாமி வாய்வுப் பிடிப்பு என்று சொல்லி அரை மணித்தியாலம் ஒத்தணம் பிடித்திருக்கிறார். வேர்வையில் சேட் நனைந்த பிறகுதான் எனக்குக் கோல் வந்தது. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. மாரடைப்பு. ஆள் தப்பிவிட்டார், ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை மாமி இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ரொறன்ரோவிலிருந்து, பிறந்தது மாங்குளம்:

இங்கே தணலுக்கு எங்கே போவது? பருத்திக் காலுறைக்குள் அரிசி நிரப்பித் தைத்து மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் வைப்பேன், இல்லாவிட்டால் அரிசி காய்ந்து கருகும். முதல் தடவை நைலோன் கலந்த காலுறையைப் போட்டு, அது உருகி, புகை மணி அடித்து, மாடி முழுக்க ஆட்கள் வெளியே வந்தார்கள். பனிக்குள் கம்பளியோடு நின்ற கிழவி ஒருத்தி என்னைப் பார்த்த பார்வை!

கண்டாவளையிலிருந்து, மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆமணக்கிலைக்குத் தலையாட்டினார், மைக்ரோவேவுக்குச் சிரித்தார், வாய்வுப் பிடிப்புக் கதைக்குப் பேசாமல் இருந்தார். அப்பாவின் காலுக்கு இப்போது தேங்காயெண்ணெய் தடவுவதோடு சரி.

அப்புறம், யாரும் எழுதாத ஒரு சங்கதி. ஒரே குறுநலை ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் வண்டு விழும், எலியும் தேடி வரும். நாங்கள் மூடி உள்ள பால்மாப் பேணிக்குள் வைக்கிறோம். மாற்றும் நாளில் அம்மா திண்ணையில் குந்தி, கத்தரிக்கோலால் குடுமி நூலை வெட்டுவார். வரவர அந்தக் கத்தரிக்கோலை எடுத்தாலே முற்றத்துக் கோழிகள் ஓடி வந்து சுற்றி நிற்கின்றன. நேற்று அவர் நகம் வெட்டத்தான் எடுத்தார்.