புதுப்பிப்பு: மஹிந்திரா எம்எம்540 ஜீப் எஞ்சின் ஒருவழியாக ஸ்டார்ட் ஆனது

ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று போன மாதம் எழுதினேனே, அதே ஜீப்தான். பழியைக் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) மேல் மட்டும் போட முடியாது. லைனர் (பிஸ்டன் ஓடும் உருளை) ஒன்று பிளாக்கின் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. இந்தப் பியூஜோ டீசல் எஞ்சினில் (90 மி.மீ. சிலிண்டர் விட்டம், 2112 சிசி) வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் கூலிங் தண்ணீர் நேரடியாகப் படும் வகை. அதன் விளிம்பு பிளாக்கைவிட மயிரிழை உயர்ந்து நின்றால்தான் ஹெட் கேஸ்கெட் இறுகப் பிடிக்கும். முன்பு வேலை பார்த்த பட்டறையில் அளக்கவே இல்லை போல.

லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதுசு. லைனர் உயரத்தை அளக்கும் டயல் கேஜ், மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவரிடம் இரவல். நடுவில் நாலு நாள் மழை. ரப்பர் ஷீட் கொட்டகையில் வேலை என்பதால் துரு ஏறாமல் தினமும் ஆயில் தடவினேன்.

போன பதிவைப் பார்த்து டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) போடச் சொன்னவர்களுக்கு: இப்போதைக்கு இல்லை, பெரிய ரேடியேட்டர் மட்டும்தான்.

நேற்று குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை அணை வரை ஓட்டினேன். ஆயில் சுத்தம். பின்பக்க சீல் மட்டும் இன்னும் லேசாகக் கசிகிறது.