சீனியா, செயற்கை இனிப்பா? வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே முடிவு சரிப்படுமா?

கேள்வி: வைகைக்கரையாள் (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். மாமியாருக்கு 68 வயது. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர், இப்போது இரவில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறார். கணவருக்கு அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.1 என்று வந்திருக்கிறது. நோய் இன்னும் வந்துவிடவில்லை என்றாலும் இப்படியே போனால் வந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். எனக்கு இதுவரை எந்தக் குறையும் இல்லை. மகளுக்கு ஒன்பது வயது.

மாமியாரால் காபியை விட முடியவில்லை. எழுந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என மூன்று தம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்பது அவருடைய பழைய கணக்கு. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இப்போது சீனிக்குப் பதிலாகச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு மாத்திரையைப் போட்டுக் கொடுக்கிறேன். அவரும் முகம் சுளிக்காமல் குடிக்கிறார். இதைப் பார்த்த என் கணவர், வீட்டில் இனிச் சீனி டப்பாவே இருக்க வேண்டாம், குழந்தை உட்பட எல்லோரும் இதற்கே மாறிவிடலாம் என்கிறார். நாத்தனாரோ அதற்கு நேர்மாறாக, உலக சுகாதார நிறுவனமே 2023இல் செயற்கை இனிப்புகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டது, இவற்றால் புற்றுநோய் வரும் என்று ஒரு காணொளியை அனுப்பி, மாமியாருக்குக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் எந்த அளவுக்கு உண்மை இருக்கிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: அளவுக்கரண்டி (உணவியல் ஆலோசகர், சென்னை)

உங்கள் நாத்தனார் பார்த்த காணொளி, 2023இல் இரண்டு மாத இடைவெளியில் வந்த இரண்டு வெவ்வேறு அறிவிப்புகளை ஒன்றாகக் குழப்பியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, அந்த ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காகவோ, பின்னாளில் வரக்கூடிய நோய்களைத் தவிர்ப்பதற்காகவோ சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். சாக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் ஆகியவற்றுடன், இயற்கை என்று சொல்லி விற்கப்படும் ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதே அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. அதாவது உங்கள் மாமியார் அதன் எல்லைக்குள்ளேயே வரவில்லை. மேலும் அது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரைதான். குறுகிய காலச் சோதனைகளில் இனிப்பூட்டிகளால் எடை சிறிது குறைந்தது. நெடுங்காலம் மக்களைக் கண்காணித்த ஆய்வுகளிலோ, இவற்றை அதிகம் பயன்படுத்தியவர்களிடையே நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. எடை கூடியவர்களும் நோய்க்கு அஞ்சுபவர்களும்தான் முதலில் இவற்றை நாடுகிறார்கள் என்பதால், இனிப்பூட்டி நோயைக் கொண்டுவந்ததா, நோயின் அறிகுறி இனிப்பூட்டியிடம் கொண்டு சேர்த்ததா என்று இத்தகைய ஆய்வுகளை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

இரண்டாவது, ஜூலை மாதத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை, புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம் என்று கருதப்படும் 2பி பிரிவில் சேர்த்தது. சான்று எவ்வளவு வலுவானது என்பதை வைத்துச் செய்யப்படும் வகைப்பாடு அது. எவ்வளவு உட்கொண்டால் ஆபத்து என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை. அளவைப் பற்றிச் சொல்ல வேண்டிய உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான வல்லுநர் குழு, அதே நாளில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. ஒரு டயட் பான டின்னில் 200 முதல் 300 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருப்பதாகக் கொண்டால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு டின்கள் வரை குடித்தால்தான் அந்த வரம்பைத் தாண்டுவார். இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்றை நினைவூட்டுகிறேன்: உங்கள் வீட்டில் இருப்பது சுக்ரலோஸ், அஸ்பார்டேம் அன்று.

மாமியாரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கரண்டிக்கு 5 கிராம் என்றால் மூன்று தம்ளர் காபியில் மட்டும் நாளுக்கு 30 கிராம் சர்க்கரை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உண்பவருக்கே சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அவருடைய காபி ஒன்றே அந்த வரம்பைக் கடந்துவிட்டிருந்தது. சுக்ரலோஸ் சர்க்கரையைப் போல ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பானது என்பதால், ஒரு கரண்டிச் சர்க்கரையின் இனிப்புக்குச் சுமார் 8 மில்லிகிராம் போதும். வல்லுநர் குழுவின் வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 50 கிலோ எடைக்கு 750 மில்லிகிராம். மூன்று தம்ளர் காபி அந்த வரம்பின் அருகில்கூடப் போகாது.

நம் ஊர்ப் பழக்கத்தை வைத்தே சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சோதனை நடத்தி 2024இல் முடிவை வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 179 பேரில் ஒரு பிரிவினர் காபியிலும் தேநீரிலும் சர்க்கரைக்குப் பதிலாகச் சுக்ரலோஸை 12 வாரங்கள் பயன்படுத்தினர். எச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. அதாவது தீமை தென்படவில்லை, பெரிய அற்புதமும் நிகழவில்லை. மாமியாருக்குக் கொடுப்பதைத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் அதனாலேயே அவருடைய சர்க்கரை அளவு இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஏனெனில் மூன்று வேளைத் தட்டிலும் இருக்கும் சோறும் இட்லியும் அந்த அளவைத் தீர்மானிப்பதில் காபியை விட மிகப் பெரிய பங்கு வகிக்கின்றன.

உங்கள் கணவரின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவருக்குத் தேவை இனிப்பின் அளவைக் குறைப்பது. அதே இனிப்பை வேறொரு பொருளால் நிரப்புவது அன்று. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நாக்கு பழகியபின் ஒன்றாக்கி, பிறகு அரையாக்கினால் பெரும்பாலோருக்கு அந்தச் சுவை பிடித்துப்போகிறது. முடியாத நாளில் மாத்திரை போட்டுக்கொள்வதில் தவறில்லை. உங்களுக்கும் மகளுக்கும் இதைத் தொடங்கக் காரணமே இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆய்வு, இனிப்பூட்டிப் பழக்கமே இல்லாத 120 நலமான பெரியவர்களைக் கொண்டு நடந்தது. இரண்டே வாரங்களில் சாக்கரினும் சுக்ரலோஸும் அவர்களில் சிலருடைய குடல் நுண்ணுயிர்களை மாற்றி, குளுக்கோஸுக்கு உடல் காட்டும் எதிர்வினையையும் மாற்றின. சிறிய ஆய்வுதான், இதை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தேவையே இல்லாத ஒருவர் ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்க இதுவே போதுமான காரணம்.

மறுமொழி 2: பனைநிழல் (தூத்துக்குடி மாவட்டம்)

இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒருவரும் கருப்பட்டியின் பெயரைச் சொல்லவில்லையே என்பது வியப்பாக இருக்கிறது. எங்கள் பக்கம் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காபியைக் குடித்து வளர்ந்த தலைமுறைக்குச் சீனியும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த பொருளை வயதானவருக்குக் கொடுப்பதை விட, மரத்திலிருந்து இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுத்ததைக் கொடுப்பது மேலில்லையா? நால்வரும் அச்சமின்றிக் குடிக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற செவிலி (திருச்சிராப்பள்ளி)

பனைநிழல் ஐயா, கருப்பட்டிக் காபியின் மணத்துக்கு ஈடில்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நீரிழிவுப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவள் என்ற முறையில், நால்வரும் அச்சமின்றிக் குடிக்கலாம் என்ற வரியை மட்டும் விட்டுவைக்க முடியாது. கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கற்கண்டு ஆகிய நான்கிலும் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் சர்க்கரைதான் (சுக்ரலோஸ் அன்று). வெள்ளைச் சர்க்கரையிலும் அதே சுக்ரோஸ்தான். தாதுக்கள் சிறிது கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் ஒரு தம்ளரில் போடும் அளவிலிருந்து உடலுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். இயற்கையானது என்ற நம்பிக்கையில் ஒரு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, அளவு ஏறியபின் மருந்தைக் குறை சொன்ன நோயாளிகள் பலரைக் கண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு, இன்று கடையில் கிடைக்கும் கருப்பட்டியில் சீனி கலந்தது எது, கலக்காதது எது என்று கண்டறிவதும் எளிதன்று. ஐயா குறிப்பிட்ட பழைய தலைமுறை அதைக் குடித்துவிட்டு நாள் முழுவதும் உடலால் உழைத்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரையாள் அவர்களுக்கு இதை விட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சரியாகச் சாப்பிடாத நாளிலோ, வழக்கத்துக்கு மேல் நடந்த நாளிலோ அவருக்கு லோ சுகர் ஆகலாம்; திடீரென்று வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். கருவியில் 70க்குக் கீழே காட்டினால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சுக்ரலோஸ் எந்தப் பயனும் தராது. நாக்கில் இனிக்கும், இரத்தத்தில் ஒன்றும் ஏறாது. சர்க்கரை டப்பா இல்லாத வீட்டில், பதற்றத்தில் யாராவது இனிப்பு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே சர்க்கரையும் குளுக்கோஸ் பொட்டலமும் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஒன்பது வயது மகளுக்கும் அதைச் சொல்லி வையுங்கள். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வைகைக்கரையாள்

அனைவருக்கும் நன்றி. செவிலி அம்மா சொன்னதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். டப்பாவை அகற்றும் பேச்சை அவர் விட்டுவிட்டார், காபியில் அரைக் கரண்டி குறைக்கவும் சம்மதித்திருக்கிறார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு மாமியாருக்காகச் சுக்ரலோஸ் தூளில் அதிரசமும் பாயசமும் செய்ய முடியுமா? மகள் கேட்கும் பிஸ்கட்டையும் பழச்சுவைப் பானத்தையும் சர்க்கரை சேர்க்காதது என்று அச்சிட்ட வகையாகப் பார்த்து வாங்கலாமா?

மறுமொழி 4: தேம்சுக்கரைத் தமிழன் (லண்டன்)

பானத்தைப் பற்றி மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பிரிட்டனில் 2018 ஏப்ரல் முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. நிறுவனங்கள் பல, வரியைத் தவிர்க்கச் சர்க்கரையைக் குறைத்து அந்த இடத்தில் இனிப்பூட்டியைச் சேர்த்தன. பற்களுக்கு இது நன்மைதான், ஏனெனில் சொத்தையை உண்டாக்கும் கிருமிகளுக்கு இனிப்பூட்டி உணவாவதில்லை. ஆனால் என் பிள்ளைகள் வெறும் தண்ணீரைச் சுவையில்லை என்று ஒதுக்கத் தொடங்கியபோதுதான், சர்க்கரை போய்விட்டாலும் இனிப்பின் அளவு அப்படியே இருக்கிறது என்பது உறைத்தது. சர்க்கரை சேர்க்காதது என்ற வரியோடு நிறுத்தாமல், பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலையும் படியுங்கள். அங்கே 950, 951, 955 என்ற எண்கள் இருந்தால் அவை முறையே அசிசல்பேம் பொட்டாசியம், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் ஆகும்.

மறுமொழி 5: செட்டிநாட்டு அடுப்படி (காரைக்குடி)

அதிரசத்தைப் பொறுத்தவரை, முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். அதிரசத்தில் வெல்லத்தின் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. பாகு பதத்துக்கு வந்து, ஈர மாவைப் பிடித்து, மாவை நாள்கணக்கில் கெடாமல் வைத்திருந்து, எண்ணெயில் இட்டதும் அந்தச் செம்பழுப்பு நிறத்தைக் கொடுப்பதும் அதுவே. 8 மில்லிகிராம் தூளை வைத்துக்கொண்டு யாராலும் பாகு காய்ச்ச முடியாது. மைசூர்பாகு, கடலை மிட்டாய், ஜாங்கிரி எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். சூட்டைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு: ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல், சுக்ரலோஸ் சேர்த்த உணவை 120 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் தீங்கான குளோரின் சேர்மங்கள் உருவாகக்கூடும் என்று சொல்லியிருக்கிறது. பொரிக்கும் எண்ணெய் அந்தச் சூட்டை எளிதில் தாண்டிவிடும்.

பாயசம் வேறு கதை. அது கொதிநிலையைத் தாண்டாத பண்டம், பாகும் வேண்டாம். பாசிப்பருப்பை நன்றாகக் குழைய வேகவைத்து, பால் சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகு தூளைக் கலந்தால் போதும். வெல்லம் இல்லாததால் சற்று நீர்த்து நிற்கும். பருப்பைக் கூடுதலாகப் போட்டு மசித்தால் அந்தக் குறை தெரியாது. அஸ்பார்டேம் கலந்த தூளாக இருந்தால் கொதிக்கும்போது போட்டுவிடாதீர்கள், நீண்ட நேரச் சூட்டில் அதன் இனிப்பு போய்விடும். சவ்வரிசியைத் தவிர்ப்பது நல்லது. சர்க்கரையை எடுத்துவிட்டு வெறும் மாவுச்சத்தைக் கிண்ணம் நிறையக் கொடுப்பதில் பொருளில்லை. என்னைக் கேட்டால், மாமியாரின் மருத்துவர் அனுமதித்தால் அன்றைக்கு உண்மையான அதிரசத்தில் பாதியைக் கொடுத்து, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துவிடுவேன்.

பிஸ்கட் விஷயத்திலும் இதே நியாயம்தான். சர்க்கரை இல்லை என்று அச்சிட்ட பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் முதலில் மைதாவும் அடுத்து எண்ணெயும், பின்னால் மால்டிடால் போன்ற, சர்க்கரை ஆல்கஹால் எனப்படும் இனிப்பூட்டி ஒன்றும் இருக்கும். மைதா இரத்தத்தில் குளுக்கோஸாகத்தான் மாறும். மால்டிடாலும் ஓரளவு சர்க்கரையை ஏற்றக்கூடியதே; அதிகம் தின்றால் வயிறு உப்பி, பேதியாகும், குழந்தைகளுக்கு அது இன்னும் விரைவில் நேரும். மகளுக்குச் சாதாரண பிஸ்கட் இரண்டைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் பொட்டலத்தை மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள். கூடவே ஒரு பிடி வேர்க்கடலையோ அவித்த சுண்டலோ கொடுத்தால் மூன்றாவது பிஸ்கட்டை அவள் கேட்க மாட்டாள்.