டிபி வந்த தம்பிக்கு என்ன சாப்பாடு குடுக்கறது? கையில காசு கம்மி

மூணாவது_அக்கா:
தம்பிக்கு நுரையீரல் டிபின்னு சொல்லி மாத்திர ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. ஒசரம் 163 செமீ, எடை வெறும் 41 கிலோ. வீட்ல பெரிய சம்பளமே அவனோடது தான், அதுவும் நின்னு போச்சு, இப்ப நான் சம்பாதிக்கறதுல அஞ்சு பேர் சாப்பிடணும். டாக்டர் "சத்தா சாப்பிடணும்"னு ஒரே வரில முடிச்சுட்டார், சத்தான்னா என்னன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆள கூப்ட்டாச்சு. தெரிஞ்சவங்க ஒருத்தர் புரோட்டீன் பவுடர் வாங்கு இல்லன்னா தேறமாட்டான்னு பயமுறுத்துறாங்க, அந்த ஒரு டப்பா காசுல நாங்க எத்தன நாள் சமைக்கலாம் தெரியுமா. அவனுக்கோ காலைல மாத்திர போட்டதுமே கொமட்டல், சாப்பாட்ட பாத்தாலே மூஞ்ச திருப்பிக்கறான். என்ன பண்றது?

ஓபி_வராண்டா:
டிபி வார்டுல நர்ஸா இருந்தவ நான். மொதல்ல அந்த பவுடர மறந்துடுங்க. அதே காசுக்கு பருப்பு, முட்ட, கடல, எண்ணெய் வாங்கினா சத்தும் அதிகம், வீடே சாப்பிடலாம். உங்க தம்பிக்கு பிஎம்ஐ 15.4 வருது, 18.5க்கு கீழ போனாலே எடை கம்மின்னு அர்த்தம், 16க்கு கீழன்னா ரொம்ப மோசம், அதனால இத டாக்டர்கிட்ட தனியா எடுத்து சொல்லுங்க, கூடவே சுகர், எச்ஐவி டெஸ்ட் எடுத்தாச்சான்னும் கேளுங்க.

ஒரே தட்டுல குமிச்சு வெச்சா யாருக்கும் கொமட்டும். கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவ குடுங்க, எதுல முடியுமோ அதுல ஒரு ஸ்பூன் எண்ணெய் சேருங்க, அளவு கூடாமலே கலோரி கூடும். டிபி மாத்திரைல ஒண்ணான ரிஃபாம்பிசின் வெறும் வயித்துல போட்டா தான் ஒடம்புல நல்லா சேரும், ஆனா வாந்தியே எடுத்துடறாருன்னா கொஞ்சமா சாப்ட்டு போடலாமான்னு மாத்திர குடுக்கற எடத்துல கேளுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்கவே இல்லன்னா அன்னைக்கே கூட்டிட்டு போகணும். ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போனா பயப்படாதீங்க, அது மாத்திர கலர் தான். கை கால் எரிச்சல், மரத்துப்போறது இருந்தா சொல்லுங்க, ஐசோனியசிட்னு இன்னொரு டிபி மருந்து பி6 வைட்டமின் சத்த கொறைக்கும், அதுக்கு தனி மாத்திர உண்டு. குடிப்பழக்கம் இருந்தா இந்த ஆறு மாசம் சுத்தமா கூடாது, கல்லீரல் தாங்காது.

பழைய_நோயாளி:
மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா நர்ஸம்மா ஒண்ண விட்டுட்டாங்க. எனக்கு ஒரு மாசம் கழிச்சு பசி வந்துச்சு பாருங்க, அப்டி ஒரு பசி, ராத்திரி எழுந்து பானைய தொறந்து பாப்பேன். பிரச்சன அப்ப தான். எனக்குன்னு வேக வெச்ச முட்டைய பொண்ணு பாத்துட்டே நிக்கும், எப்டிங்க எறங்கும்? பாதிய பிச்சு அவ வாயில வெச்சுடுவேன், வீட்ல எல்லாம் நான் முழுசா சாப்ட்டேன்னு நெனச்சுட்டு இருப்பாங்க. எடை ஏறவே இல்ல. உங்க தம்பியும் அத தான் பண்ணுவான், பாத்துக்கோங்க.

எண்ணும்_எழுத்தும்:
பழைய நோயாளி சொன்னத பாத்தா நோயாளிக்கு மட்டும் இல்ல, வீட்ல எல்லாருக்கும் சாப்பாடு வேணும், அதுக்கு பெரிய ஆதாரமே இருக்கு. ஜார்கண்ட்ல ரேஷன்ஸ்னு ஒரு ஆய்வு நடத்தினாங்க, 2023ல வெளியாச்சு. எல்லா நோயாளிக்கும் உணவுப்பொருள் குடுத்தாங்க, ஆனா பாதி பேரோட குடும்பத்துக்கும் சேத்து ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திர. அந்த குடும்பங்கள்ல புதுசா டிபி வந்தது 39 சதவீதம் கம்மி. பெரும்பாலும் அரிசி பருப்பு தாங்க! நோயாளிங்கள பாத்தா, மொத ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினவங்ககிட்ட சாவு 61 சதவீதம் கம்மியா இருந்துச்சு. உங்க தம்பிக்கு அந்த 5 சதவீதம்னா ரெண்டு கிலோ. பெரிய மலையெல்லாம் இல்ல.

வெளிச்சம்:
அப்போ நல்லா சாப்ட்டாலே போதும், இந்த மாத்திர எல்லாம் எதுக்கு?

ஓபி_வராண்டா:
@வெளிச்சம் தயவுசெஞ்சு இப்டி எழுதாதீங்க. சாப்பாடு கிருமிய கொல்லாது. அந்த ஆய்வுல எல்லாரும் மாத்திரயும் போட்டாங்க. நடுவுல விட்டா மருந்துக்கு அடங்காத டிபி ஆகிடலாம், அப்றம் வைத்தியமும் கஷ்டம், செலவும் ஜாஸ்தி.

மூணாவது_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. பழைய நோயாளி சொன்னத படிச்சு பக்குன்னுச்சு, நேத்து ராத்திரி தான் அவன் தட்டுல இருந்து சின்னவனுக்கு எடுத்து குடுத்தத பாத்தேன், பாசம்னு விட்டுட்டேன். இன்னொரு கேள்வி, தட்டு டம்ளர் தனியா வெக்கணுமா? அம்மா வெச்சிருக்காங்க, அவனுக்கு மூஞ்சி விழுந்து போச்சு.

ஓபி_வராண்டா:
வேண்டாம். தட்டுல பரவாது, இருமறப்போ காத்துல தான் பரவும். ஜன்னல தொறந்து வைங்க, வாய மூடி இருமச் சொல்லுங்க, வீட்ல இருக்கற எல்லாரையும், முக்கியமா அந்த சின்னவன, டெஸ்ட்டுக்கு கூட்டிட்டு போங்க. மாசாமாசம் எடை போடுங்க, எடைய வெச்சு தான் மாத்திர எண்ணிக்கை, ஏறினா டோஸும் மாறலாம். அப்றம் நெறைய நாட்டுல டிபி நோயாளிக்கு அரசாங்கமே காசோ பொருளோ குடுக்கும், நாமளா கேக்கலன்னா சொல்லவே மாட்டாங்க, மாத்திர வாங்கற எடத்துலயே கேளுங்க.

பழைய_நோயாளி:
சின்னவனுக்கும் ஒரு அர முட்டைய தனியா எடுத்து வெச்சுடுங்க அக்கா. அப்ப தான் தம்பி முழுசா சாப்பிடுவான்.