தீசிஸ் முடியும் வரை குழந்தை வேண்டாமா?

செங்காந்தள்:
ஆய்வு மாணவிக்குத் திருமணமானதும் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "முதலில் தீசிஸைக் (முனைவர் பட்ட ஆய்வேட்டைக்) கொடு, பிறகு குழந்தை." எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டம் வாங்கினால் போஸ்ட்டாக் எனும் மேலாய்வுப் பணி, அது முடிந்தால் தற்காலிகப் பணி, அதன் பிறகுதான் நிரந்தர வேலைக்கான ஓட்டமே. இதில் எந்தக் கட்டத்தில் நேரம் கிடைக்கும்? நான் ஆய்வின் நடுவிலேயே பெற்றுக்கொண்டேன். மேரி கியூரிக்கு மூத்த மகள் பிறந்தது 1897இல், முனைவர் பட்டம் கிடைத்தது 1903இல்.

வழிப்போக்கன்:
அந்தக் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். மாமனார் யூஜின் கியூரி மகன் வீட்டோடு வந்து தங்கிப் பேத்தியை வளர்த்தார். அப்படி ஒருவர் எல்லா வீட்டிலும் இல்லை. நான் கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக இருப்பவன். வளர்ப்புத் தட்டில் செல்கள் இருந்தால் ஞாயிறன்றும் லேபுக்கு வந்தாக வேண்டும். உதவித்தொகை குறித்த தேதியோடு நின்றுவிடும். அதே கேள்வியை வேறொரு குழு முதலில் முடித்துவிட்டால் பல வருட உழைப்பின் மதிப்பே குறைந்துவிடும். தள்ளிப்போடச் சொல்வது அக்கறையால்தான்.

நூலகப்பறவை:
அக்கறை என்றால் மாணவனிடமும் அதைச் சொல்லியிருப்பீர்களே ஐயா? "அப்பாவாவதை இரண்டு வருடம் தள்ளிப்போடு" என்று எந்த கைடும் சொல்லி நான் கேட்டதில்லை.

இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயரைப் பாருங்கள். அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளாக (shell) அமைவதை விளக்கியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கணவர் பேராசிரியராக இருந்த இடங்களில், தம்பதியர் இருவருக்கும் வேலை தரக்கூடாது என்ற விதியைக் காட்டிப் பல ஆண்டுகள் சம்பளமில்லாமலோ, சொற்பச் சம்பளத்துக்கோ வேலை வாங்கினார்கள். முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி 1960இல்தான் வந்தது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. 1963இல் நோபல் பரிசு. அவரைத் தாமதப்படுத்தியது பிள்ளைகளா, அந்த விதியா?

வழிப்போக்கன்:
அது அந்தக் காலம். இன்று ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் தாய்மார்களுக்கு ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும் தகுதிக் காலத்தை ஒரு குழந்தைக்கு 18 மாதம் நீட்டித்துத் தருகிறது. விதிகள் மாறிவிட்டன. மாறாதது ஒரு நாளில் இருக்கும் மணி நேரம். அதைப் பேசாமல் விட்டால் மாணவிக்குத்தான் நஷ்டம்.

செங்காந்தள்:
மணி நேரத்தையே பேசுவோம். அமெரிக்காவின் முன்னணி ஐம்பது பொருளியல் துறைகளை எடுத்துக்கொண்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. குழந்தை பிறந்தால் அப்பா, அம்மா இருவருக்குமே நிரந்தரப் பணிக்கான கெடுவைத் தள்ளிவைக்கும் விதியைப் பற்றியது. விளைவு என்ன தெரியுமா? அதே துறையில் நிரந்தரமாகும் வாய்ப்பு ஆண்களுக்குக் கூடியது, பெண்களுக்குக் குறைந்தது. கூடுதலாகக் கிடைத்த காலத்தில் ஆண்கள் முதல்தரச் சஞ்சிகைகளில் கட்டுரை போட்டார்கள். அம்மாக்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் இரவு யார் எழுந்திருக்கிறார்கள் என்பதை மாற்றாமல் கெடுவை மட்டும் நீட்டினால் இதுதான் நடக்கும்.

மௌனப்புறா:
அக்கா, நான் இரண்டு பக்கமும் இல்லை. திருமணமே வேண்டாமென்று முடிவெடுத்தவள். கணிதமேதை எமி நோதரும் இயற்பியலாளர் லீசே மைட்னரும் மணம் செய்துகொள்ளவில்லை. இங்கே எல்லோரும் "எப்போது குழந்தை" என்றே பேசுவது என்னைப் போன்றவர்களை உறுத்துகிறது. குழந்தையில்லாதவள்தானே என்று துறையின் மாலைக் கூட்டங்களும் விடுமுறை நாள் பொறுப்புகளும் எங்கள் தலையில்தான் விழுகின்றன.

செங்காந்தள்:
நியாயம் தங்கச்சி. அம்மாவானவளின் வேலை உன்மேல் விழுவதும் அந்த வேலையைத் துறை சரியாகப் பிரிக்காததால்தான்.

வழிப்போக்கன்:
சரி, என் கருத்து மாறவில்லை. சோதனைக்கூட ஆய்வில் இடைவெளி விழுந்தால் மீள்வது கடினம். ஆனாலும் கேட்கிறேன், நாளைக்கே ஒரு மாணவி வந்து "சார், கர்ப்பமாக இருக்கிறேன்" என்றால் கைடு என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்?

செங்காந்தள்:
முதலில் வாழ்த்துங்கள். அவள் தொடங்கிய சோதனையை அவளைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். விடுப்பில் வேறு யாராவது தொடர்ந்தால், கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதை அவள் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். குழு கூட்டத்தை மாலை ஆறிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். அவள் திரும்பி வந்ததும், "முடியுமா?" என்று கேட்க வேண்டாம். "எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேளுங்கள்.