'செக்', 'போர்டிங்', 'சார்ஜிங்': ஐஸ் ஹொக்கிக்குத் தமிழ்ச்சொல் தேவை, வெள்ளிக்குள்

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து, திங்கள் இரவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

எங்கள் பகுதிச் சிறுவர் ஐஸ் ஹொக்கிக் கழகத்தில் தமிழ்ப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பெற்றோருக்கான பாதுகாப்புத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பக்கம், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றே முக்கால் பக்கம் முடிந்துவிட்டது; அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் 'பயிற்சி முகாம்' பற்றிய பகுதியும் அதில் அடக்கம். மிச்சக் கால் பக்கத்தில் மூன்று நாளாக நிற்கிறேன்.

பக்கை, அதாவது ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வில்லையை, வைத்திருப்பவரைத் தோளாலோ இடுப்பாலோ இடித்து அதிலிருந்து பிரிப்பது செக். அது விதிக்குட்பட்ட ஆட்டம். சுற்றுப்பலகைக்குப் பக்கத்தில் தற்காத்துக்கொள்ள வழியில்லாமல் நிற்பவரை இடித்துப் பலகையில் போய் விழவைத்தால் போர்டிங். தூரத்திலிருந்து வேகமெடுத்து வந்தோ எம்பிப் பாய்ந்தோ இடித்தால் சார்ஜிங். முதுகில் இடித்தால் வேறு குற்றம், தலையில் இடித்தால் இன்னொன்று. எனக்கு முன் யாரோ செய்த வரைவில் இவை எல்லாமே 'தாக்குதல்'. '13 வயதுக்கு மேல் தாக்குதல் அனுமதிக்கப்படும்' என்று ஒரு வரி, நாலு வரி தள்ளி 'தாக்குதலுக்கு 5 நிமிடத் தண்டனை'. இதைப் படிக்கிற தாய் என்ன விளங்கிக்கொள்வாள்?

இது சும்மா சொல் ஆசை இல்லை. 2010இல் கால்கரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செக் அனுமதித்திருந்த ஆல்பர்ட்டாவின் 11, 12 வயதுப் பிள்ளைகளையும், அனுமதிக்காத கியூபெக் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அனுமதித்த இடத்தில் காயப்படும் ஆபத்து மூன்று மடங்குக்கும் மேல். 2013இல் ஹொக்கி கனடா என்ற தேசிய அமைப்பு அந்த வயதுக்கு செக்கை நாடு முழுக்க நிறுத்தியது.

பெரியவர்கள் ஆட்டத்திலும், என்எச்எல் என்ற வட அமெரிக்கத் தொழில்முறைத் தொடரிலும், இதே கதைதான். 2000 மே 26, ஸ்கொட் ஸ்டீவன்ஸின் தோள் எரிக் லிண்ட்ரோஸின் தாடையில் பட்டது. லிண்ட்ரோஸ் பனியில் சுருண்டு கிடந்தார். தண்டனை இல்லை, அன்றைய விதிப்படி அது நல்ல செக். 2010 மார்ச்சில் மட் குக் மார்க் சவார்டின் தலையில் இடித்தபோதும் தண்டனை இல்லை. அதன் பிறகுதான் 48ஆம் விதி வந்து, தலையில் இடிப்பதற்குத் தனிப் பெயர் கிடைத்தது. பெயர் இல்லாத குற்றத்துக்கு நடுவர் எப்படிக் கையை உயர்த்துவார்? அதனால்தான் கேட்கிறேன்: விதிக்குட்பட்டதற்கு ஒரு சொல், ஆபத்தானதற்கு வேறு சொல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ஹாக்கிக்கு வளைதடிப் பந்தாட்டம் என்று பெயர் வைத்தோம். பனிமேல் ஆடும் ஆட்டத்தில் பந்தே கிடையாது; மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. அதற்கு வட்டு என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்பது குறள் 401. அங்கே வட்டு காயையும் அரங்கு அதற்கு வகுத்த களத்தையும் குறிக்கும். பக்குக்கு வட்டு, ஆடுகளமான ரிங்குக்கு அரங்கு. ஒரே அடியில் இரண்டு சொல்லும் கிடைத்துவிட்டன.

சார்ஜிங்குக்கும் குறளுக்கே போகலாம். 486ஆம் குறளில், ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதைப் 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்கிறார். சண்டைக்கடா பின்னால் போய், தூரம் எடுத்து, வந்து முட்டுகிறது. உங்கள் விதியிலும் தூரம்தானே உயிர்? தகர்ப்பாய்ச்சல் என்று எழுதுங்கள். தகர்த்தல் என்ற வினையே இந்தக் கடாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். தகர் முட்டினால் தகர்கிறது. தகை, தகைத்தல், அதாவது தடுத்தல், அதுவும் இந்தக் குடும்பமாக இருக்கலாம். அதை வைத்து செக்குக்குத் தகைப்பு என்றும் சொல்லலாம்.

முதுகில் இடிப்பதற்குப் புறத்தாக்கு. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் புறப்புண், அதாவது முதுகில் புண், பட்ட பெருஞ்சேரலாதன் நாணி, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்ததைப் புறநானூறு 65, 66 இரண்டும் பாடுகின்றன.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் மதியம்

தஞ்சாவூர் ஐயாவின் தமிழுக்கு முன் நான் சின்னவள். ஆனாலும் சொல்கிறேன். தகர் என்றால் இன்று பத்தில் ஒன்பது பேருக்குத் தகர டப்பாதான் நினைவுக்கு வரும். காற்பந்தில் ஆஃப்சைடு என்றே கத்துகிறோம், எல்லாருக்கும் புரிகிறது. அந்தத் தாய் அரங்கில் உட்கார்ந்து கேட்கப்போவதும் ஆங்கிலச் சொற்கள்தான். செக், போர்டிங், சார்ஜிங் என்றே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். பாதுகாப்புத் தாளில் புதுச்சொல் பழக்குவது சரியில்லை. புரியாத சொல்லால் ஒரு பிள்ளை காயப்பட்டால் யார் பொறுப்பு?

ஸ்காபரோவிலிருந்து, செவ்வாய் இரவு

வணக்கம். நான் சனி, ஞாயிறுகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். தமிழ் இலக்கணம் அவ்வளவு வராது. பனியில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியும்.

போர்டிங் கொடுக்கும்போது நெஞ்சுக்கு முன்னால் ஒரு கையின் மூடிய முட்டியை மறு கையின் விரித்த உள்ளங்கையில் குத்துவோம். சார்ஜிங்குக்கு மூடிய இரண்டு கைமுட்டிகளையும் ஒன்றையொன்று சுற்றவிடுவோம். தமிழ் அம்மாக்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பது இதைத்தான். சொல்லைவிட சைகையை முதலில் போடுங்கள் அக்கா, அதற்குக் கீழே சொல்.

எங்கள் வீட்டில் அப்பா போர்டிங்கைப் பார்த்தால் "பலகையோட வைச்சுச் சாத்திப்போட்டான்" என்பார். எனக்கு அதைவிடச் சரியான சொல் தெரியாது.

இன்னொன்று. விதியில் பொறுப்பு இடிப்பவர் தலையில் இருக்கிறது. எதிரே நிற்பவர் தற்காக்க முடியாத நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பது இடிப்பவர் வேலை. ஆனால் அந்தப் பிள்ளை கடைசி நொடியில் தானே முதுகைத் திருப்பியிருந்தால்? எனக்கு அரை நொடிதான் கிடைக்கும். இடித்தவரை இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைப்பதா ஐந்தா என்பது வேகத்தையும் வன்மையையும் பார்த்து நான் முடிவு செய்ய வேண்டியது. பிள்ளை எழும்பி விட்டால் "விடு றெஃப்" என்று ஒரு பக்கம், எழும்பாவிட்டால் "வெளியே அனுப்பு" என்று மறுபக்கம். காயத்தைப் பார்த்துத் தண்டனை சொல்வது தவறு, செயலைப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்எச்எல்லில் 2019-20 முதல் ஐந்து நிமிடத் தண்டனை சொன்னால் நடுவர் வீடியோவைப் பார்த்து இரண்டாகக் குறைக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை.

தஞ்சாவூர் ஐயாவுக்கு: இங்கே பல கழகங்களில் பிள்ளைகளின் சட்டையில், முதுகில் கழுத்துக்குக் கீழே, ஒரு சிவப்பு நிறுத்தக் குறி தைத்திருக்கும். பின்னால் வருபவன் அதைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தப் பாட்டில் நாணம் முதுகில் பட்டவருக்கு. இங்கே குற்றம் முதுகில் இடித்தவருக்கு. அந்தச் சொல் பிள்ளையைக் குற்றவாளி ஆக்கிவிடாதா?

தஞ்சாவூரிலிருந்து, புதன் விடியற்காலை

தம்பி, இலக்கணம் வராது என்று சொல்லிவிட்டு இலக்கணம்தான் பேசியிருக்கிறீர்கள். புறத்தாக்கை விலக்கிக்கொள்கிறேன். புறப்புண்ணின் நாணம் அதில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது உண்மை.

உங்கள் அப்பாவின் சாத்துதலுக்கு வருகிறேன். இரவு முழுக்க அதையே யோசித்தேன். சார் என்பது தன்வினை, சார்த்து என்பது பிறவினை. சார்த்து மருவியதே சாத்து. ஏணியைச் சுவரில் சார்த்துகிறோம், கதவைச் சாத்துகிறோம். போர்டிங்குக்கு வேண்டியதும் இதுதான். 'பலகையில் மோதினான்' என்றால் தானே போய் மோதிக்கொண்டான் என்றாகும். 'பலகையில் சாத்தினான்' என்றால் ஒருவன் இன்னொருவனைச் செய்த செயல். அடித்தல் என்ற பேச்சு வழக்குப் பொருளும் கூடவே வருகிறது. பெருமாளுக்கு மாலை சாத்துவதும் இதே சொல்தான். வணிகச் சாத்து வேறு. அது வடமொழி சார்த்தம் என்பார்கள், எனக்கு உடன்பாடில்லை, சார்ந்து செல்லும் கூட்டம்தானே சாத்து? அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

பலகையில் சாத்துதல். என் ஓட்டு இதற்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

நான் மருத்துவன். நேரம் குறைவு, மூன்று விஷயம்.

ஒன்று. தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதற்கு, அதாவது கன்கஷனுக்கு, பழைய வரைவில் 'மூளை அதிர்ச்சி' என்று இருந்தால் மாற்றுங்கள். அதிர்ச்சி என்றால் செத்தவீட்டுச் செய்தி கேட்டு வருவது. பிள்ளை பயந்துபோனான், தண்ணி குடித்தால் சரியாகும் என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். 'மூளையதிர்வு' என்று எழுதுங்கள். கீழே கட்டாயம் ஒரு வரி: நினைவு தப்பாமலும் மூளையதிர்வு வரும், தலைக்கவசம் போட்டிருந்தாலும் வரும்.

இரண்டு. செக்குக்கு மறிப்பு என்று சொல்லலாமே? இங்கே பஸ்ஸை மறித்துத்தான் ஏறுகிறோம். வழியில் நின்று போகவிடாமல் செய்வது, அவ்வளவுதான். காயப்படுத்தும் எண்ணம் அந்தச் சொல்லில் இல்லை. மறியல் என்றால் தமிழ்நாட்டாருக்குச் சாலை மறியல், எங்களுக்குச் சிறை. ஆட்டக்காரனை இரண்டு நிமிடம் அடைத்து வைக்கும் பெட்டியை எங்கள் ஆட்கள் தாங்களாகவே மறியல் என்று சொல்லத் தொடங்குவார்கள், பாருங்கள்.

மூன்று. 'பயிற்சி முகாம்' வேண்டாம். உங்கள் வாசகர்களில் 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் முள்வேலிக்குப் பின்னால் இருந்துவிட்டு வந்த தாய்மாரும் இருப்பார்கள். பிள்ளையை முகாமுக்கு அனுப்பச் சொல்லி ஒரு தாள் அவர்கள் கைக்குப் போகக் கூடாது.

மார்க்கத்திலிருந்து, வியாழன் இரவு

டொக்டர் சொன்ன மூன்றாவதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கே தோன்றியிருக்க வேண்டும். 'தெரிவுப் பயிற்சி' என்று மாற்றிவிட்டேன்.

அந்தப் பகுதி எனக்கு முக்கியம். அணியில் இடம் இன்னும் உறுதியாகாத பிள்ளைகள்தான் அந்த நாட்களில் வந்து நிற்கிறார்கள். என்எச்எல்லில் அணிக்கு 23 இடம், செப்டம்பரில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆள். கோல் போட வாய்ப்பு வராதவன் இடித்தாவது பயிற்றுநர் கண்ணில் படப் பார்ப்பான். 2015 அக்டோபரில் ரஃபி டொரஸுக்கு 41 ஆட்டத் தடை, 2018இல் டொம் வில்சனுக்கு 20 ஆட்டத் தடை, பிறகு அதை 14 ஆகக் குறைத்தார்கள். இரண்டு இடியும் பருவம் தொடங்குமுன் நடந்த, புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டங்களில். அவர்கள் இருவரும் இடம் தேடி வந்த புதியவர்கள் அல்ல, பழகிய வீரர்கள். பழகியவர்களே அப்படி என்றால், இடத்துக்காக ஏங்கும் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வீட்டில் ஒருவர் முன்கூட்டியே பேசத்தான் வேண்டும். இவர்களுக்கு 'இடம் தேடுவோர்' என்று எழுதியிருக்கிறேன். தஞ்சாவூர் ஐயா தனிமடலில் அனுப்பிய 'விழைஞர்' அழகான சொல். ஆனால் கலைஞர், கவிஞர் மாதிரி ஒரு தொழில்போலத் தொனிக்கிறது.

அச்சுக்குப் போவது இதுதான். செக், உடல் மறிப்பு. போர்டிங், பலகையில் சாத்துதல். முதுகில் மோதல், தலையில் மோதல். பக், வட்டு. நடுவர் தம்பி சொன்னபடி சைகைப் படம் மேலே. சிங்கப்பூர் அக்கா சொன்னபடி ஆங்கிலச் சொல்லின் ஒலிப்பும் தமிழ் எழுத்தில் கூடவே வரும். சார்ஜிங்குக்கு 'பாய்ந்து மோதல்' என்று போட்டிருக்கிறேன், மனம் நிறையவில்லை.

சிங்கப்பூரிலிருந்து, வெள்ளி காலை

மறிப்பு, மூளையதிர்வு இரண்டும் நன்று. சாத்துதலுக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கழகத்தின் பெயரில் போகும் தாளில் தெருச்சண்டைச் சொல் வரக்கூடாது.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி காலை

தெருவில் இருப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது, அம்மா. எனக்கு நெருடுவது மோதல். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று நாளிதழ் எழுதும்போது குற்றம் இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்துவிடுகிறது. முதுகைக் காட்டி நின்ற பிள்ளைக்கு அதில் பாதியை ஏன் கொடுக்க வேண்டும்? முதுகில் இடித்தல், தலையில் இடித்தல் என்றால் செய்தவனும் பட்டவனும் தெளிவாகத் தெரிவார்கள். அச்சகத்துக்குப் போய்விட்டதா? போகவில்லை என்றால் அந்த இரண்டு இடத்தை மட்டுமாவது மாற்றுங்கள். தகர்ப்பாய்ச்சலைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மார்க்கத்திலிருந்து, வெள்ளி மதியம்

தலையில் இடித்தல் என்று மாற்றிவிட்டேன் ஐயா. முதுகு இருக்கும் பக்கம் அதற்குள் போய்விட்டது.